நெஞ்சில் கோத்த நீர் சொல்லும் சேதி
க்ஷயமா, புற்றுநோயா? காரைக்காலிலும் கேட்கப்படும் கேள்வி

காரைக்கால்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ கடலுக்குப் போய் வருகிற ஐம்பத்தைந்து வயது மனிதர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு மாதமாக வலை இழுக்க மூச்சு இடங்கொடுக்கவில்லை. படியேறினால் இளைப்பு. இருமல் இருக்கிறது, சளி அதிகமில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்கிறார். முதுகுப்புறத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தி ஒரு லிட்டர் அளவுக்கு நீரை வெளியே எடுக்கிறார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீரைப் போல மஞ்சளாக, லேசாகச் செம்மை படர்ந்து இருக்கிறது அது. மனிதருக்கு உடனே மூச்சு வருகிறது. "தண்ணியை எடுத்தாச்சு, இனிமே பயமில்லையே டாக்டரய்யா?" என்று மனைவி கேட்கிறாள்.

அந்தக் கேள்விக்கு விடை டாக்டரிடம் இல்லை. அவர் கையிலுள்ள குப்பியில் இருக்கிறது.

இந்த நீர் க்ஷயத்தினாலும் வரும்; புற்றுநோயினாலும் வரும். எக்ஸ்ரே படத்தில் இரண்டும் ஒரே வெள்ளை நிழல்தான். நிறத்திலும் பெரிய வேற்றுமை இராது. ஆனால் இரண்டின் தலைவிதியும் வேறு. க்ஷயமானால் ஆறு மாதம் மாத்திரை. சர்க்கார் இலவசமாகவே கொடுக்கிறது. பெரும்பாலோர் முழுக்கக் குணமடைந்து பழையபடி தொழிலுக்குப் போகிறார்கள். நுரையீரல் புற்றுநோய் நெஞ்சு உறைக்குள் பரவி நீர் ஊறுகிறதென்றால், அது நான்காம் கட்டம் என்றே உலகெங்கும் கணக்கிடப்படுகிறது. அங்கே ஒவ்வொரு வாரத்துக்கும் விலை உண்டு. ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நீர் ஏன் கோக்கிறது?

நுரையீரலை மெல்லிய இரட்டை உறை ஒன்று மூடியிருக்கிறது. இரண்டு மடிப்புகளுக்கும் நடுவே, உராயாமல் வழுக்கிக் கொடுப்பதற்காக, சில தேக்கரண்டி நீர் எப்போதும் உண்டு. ஊறுவதும் உறிஞ்சப்படுவதும் சரிக்குச் சரியாக நடந்து வரும் வரையில் தொல்லையில்லை. கணக்குத் தவறினால் நீர் சேர்ந்துவிடுகிறது. இருதயம் களைத்தாலும், ஈரலும் சிறுநீரகமும் கெட்டாலும் நீர் சேரும். அது வெறும் கசிவு, உறையில் நோயில்லை. உறையே புண்பட்டுச் சுரக்கும் நீர் வேறு வகை.

இந்த இரண்டு வகைகளையும் பிரிக்க 1972-ஆம் ஆண்டில் அமெரிக்க டாக்டர் ரிச்சர்ட் லைட் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு விதி வகுத்தார்கள். நெஞ்சு நீரிலுள்ள புரதம் இரத்தத்திலுள்ளதில் பாதிக்கு மேற்பட்டிருந்தாலோ, எல்.டி.எச். என்னும் என்ஸைம் இரத்தத்திலுள்ளதில் நூற்றுக்கு அறுபது பங்கைத் தாண்டினாலோ, நீரிலுள்ள எல்.டி.எச். இரத்தத்துக்குரிய சாதாரண உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போனாலோ, உறை நோயுற்றிருக்கிறது என்று பொருள். அரை நூற்றாண்டு கழிந்தும் இந்த விதிதான் வார்டுகளில் வழங்கி வருகிறது. ஆனால் உறைக்கு நோய் உண்டு என்று அது சொல்லுமே தவிர, என்ன நோய் என்று சொல்லாது. சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

எளிதில் வந்துவிடும் முடிவு

நம் நாட்டில் நெஞ்சில் நீர் என்றதும் க்ஷயம் என்று நினைப்பதில் தவறில்லை. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். 2025-ஆம் ஆண்டுக்குள் காசநோயை ஒழித்துவிடுவது என்று 2018-ல் இந்திய சர்க்கார் குறி வைத்தது. ஆண்டு வந்துவிட்டது, நோய் போய்விடவில்லை. நோயாளியின் சாப்பாட்டுக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஒரு நோயாளியையும் விட்டுவிடக் கூடாது என்ற முனைப்பும் நல்லதே. ஆனால் இந்த முனைப்பில் ஒரு வழுக்கலும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மாத்திரையை ஆரம்பித்துவிடு, பிறகு பார்த்துக்கொள்வோம் என்ற பழக்கம் அது.

கிருமியைக் கண்ணால் கண்டு முடிவு செய்தால் என்ன என்று கேட்கலாம். நெஞ்சு நீர் விஷயத்தில் அது லேசில் நடவாது. சளியில் கூட்டமாகத் தெரியும் கிருமி, இந்த நீரில் அரிதாகத்தான் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பத்தில் ஒருவருக்குக்கூட அகப்படுவதில்லை. கிருமியின் மரபணுவைத் தேடும் புதிய இயந்திரங்களும் சளியில் காட்டும் திறமையை இங்கே காட்டுவதில்லை. நீரை வளர்ப்புப் பாத்திரத்தில் இட்டுக் கிருமியை வளர்க்கலாமென்றால், வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்போதும் பெரும்பாலும் வெறுங்கைதான்.

புற்றுநோய்ப் பக்கமும் இதே கதை. நீரில் மிதக்கும் செல்களைச் சாயமேற்றிப் பார்க்கும் பரிசோதனை, புற்று உள்ளவர்களில் நூற்றுக்கு அறுபது பேரைத்தான் பிடிக்கிறது. மீதி நாற்பது பேருக்கு, 'புற்றுச் செல் காணப்படவில்லை' என்ற சீட்டு வருகிறது. புற்று இல்லை என்பது வேறு, காணப்படவில்லை என்பது வேறு. அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாக ஊர் திரும்பிய குடும்பங்கள் உண்டு.

கிருமியும் அகப்படாமல் செல்லும் அகப்படாமல் நிற்கும் இந்த இடத்தில்தான், நீரில் கரைந்திருக்கும் அடையாளப் பொருள்கள் உதவிக்கு வருகின்றன. திருடன் அகப்படாவிட்டாலும் அவன் கால் சுவடு மணலில் கிடக்குமல்லவா?

ஏ.டி.ஏ. என்னும் சுவடு

அவற்றில் தலையாயது அடினோசின் டிஅமினேஸ் என்ற என்ஸைம், சுருக்கமாக ஏ.டி.ஏ. க்ஷயக் கிருமியை எதிர்க்க இரத்த வெள்ளணுக்கள் படை திரண்டு வரும்போது இது நீரில் பெருகுகிறது. கிருமி இருக்கும் இடத்தை அல்ல, படை திரண்ட இடத்தை இது காட்டுகிறது என்பதை மனத்தில் வைக்கவேண்டும். 1978-ல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் நெஞ்சு நீரில் இதன் உபயோகத்தை எடுத்துச் சொன்னார்கள். லிட்டருக்கு 40 யூனிட்டுக்கு மேற்பட்டால் க்ஷயத்தின் பக்கம், கீழே இருந்தால் வேறு பக்கம் என்பது பொதுவாக வழங்கும் எல்லை.

இது எவ்வளவு தூரம் நம்பத் தக்கது? சண்டிகாரிலுள்ள பட்டமேற்படிப்பு மருத்துவக் கழகத்து டாக்டர்கள் உலகெங்கும் நடந்த 174 ஆராய்ச்சிகளை, ஏறத்தாழ 27,000 நோயாளிகளின் கணக்கை, ஒன்றாகத் தொகுத்து 2019-ல் வெளியிட்டார்கள். க்ஷய நீர் உள்ளவர்களில் நூற்றுக்கு 92 பேரை ஏ.டி.ஏ. சரியாகக் காட்டுகிறது, க்ஷயமில்லாதவர்களில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாக விலக்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஓர் எளிய, மலிவான சோதனைக்கு இது மிக நல்ல மதிப்பெண்தான்.

ஆனால் இந்த 92-ஐயும் 90-ஐயும் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய்ச்சலோடு வந்த இளவயதுக்காரர்கள் நூறு பேர். அவர்களில் 70 பேருக்கு உண்மையில் க்ஷயம் என்று வைத்துக்கொள்வோம். ஏ.டி.ஏ. உயர்ந்திருப்பவர்கள் 67 பேர் வருவார்கள். அவர்களில் 64 பேர் உண்மை க்ஷயக்காரர்கள். மூன்று பேர்தான் தப்புக் கணக்கு. தாராளமாக மருந்தைத் தொடங்கலாம். இப்போது அறுபது வயது தாண்டிய, பல வருஷம் பீடி குடித்த, காய்ச்சலே இல்லாத நூறு பேரை எடுத்துக்கொள்வோம். இவர்களில் பத்துப் பேருக்குத்தான் க்ஷயம் என்று வைத்தால், ஏ.டி.ஏ. உயர்ந்திருப்பவர்கள் 18 பேர். அதில் ஒன்பது பேருக்கு க்ஷயம். ஒன்பது பேருக்கு இல்லை! அதே சோதனை, அதே எண். முதல் கூட்டத்தில் சத்தியவாக்காக இருந்தது, இரண்டாவது கூட்டத்தில் பூவா தலையா ஆகிவிடுகிறது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த முதியவர்களில் ஏ.டி.ஏ. தாழ்ந்திருக்கும் 82 பேரில் க்ஷயக்காரர் ஒருவர்தான் இருப்பார். ஆகவே வயதானவரிடம் தாழ்ந்த எண்ணை நம்பலாம்; உயர்ந்த எண்ணைச் சந்தேகிக்க வேண்டும். இது தெரியாமல், சீட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து மருந்து எழுதினால் சோதனை செய்தும் பயனில்லை. சீழ் கட்டிய நெஞ்சு, சில வகை மூட்டு வாதம், நிணநீர்ச் சுரப்பியில் வரும் லிம்போமா என்ற புற்று ஆகியவற்றிலும் ஏ.டி.ஏ. ஏறும். லிம்போமாவை க்ஷயமென்று நம்பி மருந்து கொடுக்கும் விபரீதம் இந்த வழியாகத்தான் நேர்கிறது.

புற்றின் சுவடுகள்

சி.இ.ஏ. என்ற புரதம் 1965-ல் கனடாவின் மான்ட்ரீல் நகரில் கண்டறியப்பட்டது. நெஞ்சு நீரில் இது மிக உயர்ந்திருந்தால் புற்று என்பதற்கு வலுவான சான்று; க்ஷயத்தில் அவ்வாறு ஏறுவது அபூர்வம். ஆனால் புற்றுள்ளவர்களில் பாதிப் பேருக்குத்தான் ஏறுகிறது. மற்ற பாதிப் பேருக்குத் தாழ்ந்த சி.இ.ஏ. ஒரு பொய்யான ஆறுதல். சி.ஏ. 125 என்று மற்றொன்று. பெயரைக் கேட்டதும் புற்று என்று பயந்துவிடுகிறார்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் கோத்தாலே, இருதயம் களைத்தாலே, க்ஷயத்திலேகூட, அது இரத்தத்தில் உயரும். புற்று சோதனை என்று நீண்ட பட்டியலைப் போட்டுக் காசு வாங்கும் பரிசோதனைச் சாலைகள், இந்த ஓர் எண்ணைச் சிவப்பு மையில் அடித்துக் கொடுத்து எத்தனை வீடுகளில் தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றனவோ!

தனித்தனியே அரைகுறையாக நிற்கும் எண்களைச் சேர்த்துப் பார்த்தால் என்ன என்று யோசித்தவர்கள் சிங்கப்பூர்க்காரர்கள். காரைக்கால் மக்களுக்கு சிங்கப்பூர் அந்நிய ஊரல்ல. மரைக்காயர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் வந்த ஊர். அங்கே டான் டோக் செங் மருத்துவமனை டாக்டர்கள் 2016-ல் ஒரு எளிய வகுத்தல் கணக்கை வெளியிட்டார்கள். இரத்தத்திலுள்ள எல்.டி.எச். அளவை நெஞ்சு நீரிலுள்ள ஏ.டி.ஏ. அளவால் வகுக்க வேண்டியது. ஈவு 20-க்கு மேல் போனால் புற்றை நினை என்பது அவர்கள் விதி. 'புற்று விகிதம்' என்றே இதற்குப் பெயர்.

கணக்கில் தந்திரம் ஒன்றுமில்லை. புற்றில் செல்கள் வேகமாகப் பெருகி வேகமாகச் சிதைவதால் இரத்தத்தில் எல்.டி.எச். ஏறுகிறது; நீரில் ஏ.டி.ஏ. தாழ்ந்தே நிற்கிறது. க்ஷயத்தில் ஏ.டி.ஏ. ஏறிவிடுகிறது. உதாரணமாக எல்.டி.எச். 600, ஏ.டி.ஏ. 12 என்றால் ஈவு 50. எல்.டி.எச். 400, ஏ.டி.ஏ. 60 என்றால் ஈவு ஏழுக்கும் குறைவு. புதிய இயந்திரம் வேண்டாம், வெளிநாட்டு மருந்து வேண்டாம். ஜில்லா ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே செய்யும் இரண்டு சோதனைகள் போதும். பெரிய ஊர்களைவிட காரைக்கால் போன்ற ஊருக்குத்தான் இந்தக் கணக்கு அதிகமாகப் பயன்படக்கூடும்.

ஆனால் இதையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈரல் நோயிலும், இரத்த அணுக்கள் உடையும் நோய்களிலும் எல்.டி.எச். தானாகவே ஏறும். விகிதம் செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான்: இந்த மனிதரை க்ஷய வரிசையில் நிறுத்திவிடாதே, உறையிலிருந்து சதை எடுத்துப் பார் என்று முதல் வாரத்திலேயே டாக்டரை உசுப்புவது. நெஞ்சுக்குள் சிறு குழாயை விட்டுக் கண்ணால் பார்த்துச் சதை எடுக்கும் தொராகோஸ்கோப்பி, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உண்மையைச் சொல்லிவிடுகிறது. முடிவு சொல்ல வேண்டியது சதை. அந்தச் சதையை யாருக்கு, எப்போது எடுப்பது என்பதற்குத்தான் எண்கள்.

ஆறு மாதத்தின் விலை

தவறினால் என்ன நடக்கிறது? புற்றுநோய்க்காரருக்கு க்ஷய மாத்திரை தொடங்கப்படுகிறது. நீரை எடுத்ததனால் வந்த சுகத்தை மாத்திரை கொடுத்த சுகம் என்று வீட்டில் நம்புகிறார்கள். மூன்று வாரத்தில் நீர் மறுபடி ஊறுகிறது; மறுபடி எடுக்கிறார்கள். மாத்திரை ஈரலைச் சுடுகிறது; பசியில்லை; இன்னும் இளைக்கிறார். இரண்டு மூன்று மாதம் இப்படிப் போன பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், புற்று மருந்தைத் தாங்கும் வலு உடம்பில் இருப்பதில்லை.

"நான்காம் கட்டம்தானே, முன்னால் தெரிந்து என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் உண்டு. இக்காலத்தில் அது சரியான கேள்வியல்ல. நம் நாட்டில் நுரையீரலில் வரும் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்று உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு, இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் ஒரு மாறுதல் இருக்கிறது. புகைபிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் இது அதிகம். அவர்களுக்கு ஜெஃபிடினிப் போன்ற மாத்திரை உண்டு, வீட்டிலிருந்தே சாப்பிடலாம், மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில், நோய் அடங்கியிருக்கிறது. அந்த மரபணு மாறுதலைக் கண்டுபிடிக்கவும் இதே நெஞ்சு நீரிலுள்ள செல்களே போதும். மருந்துக்கு வழியில்லாத நிலையிலும், மறுபடி மறுபடி ஊசி குத்தாமல் உறையை ஒட்டவைத்து மூச்சுத் திணறலைப் போக்கச் சிகிச்சை இருக்கிறது. மூச்சு விட முடிந்து வாழும் ஆறு மாதத்துக்கும், திணறிக்கொண்டு கிடக்கும் ஆறு மாதத்துக்கும் வேற்றுமை இல்லையா?

எதிர்த் தவறும் சாதாரணமல்ல. புற்றுநோய் என்று பயந்து, இனி என்ன இருக்கிறது என்று வீட்டுக்கு அழைத்துப்போன மனிதருக்கு க்ஷயமாக இருந்தால்? க்ஷய நீருக்கு ஒரு வஞ்சக குணம் உண்டு: மருந்தில்லாமலே சில மாதங்களில் தானாக வற்றிவிடும். 1955-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இப்படி நீர் கோத்து வற்றிய அமெரிக்க ராணுவத்தினர் 141 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 92 பேர், அதாவது நூற்றுக்கு 65 பேர், பின்னால் க்ஷயத்தில் விழுந்தார்கள். நீர் வற்றியதால் நோய் போய்விட்டதென்று எண்ணியவர்கள் அவர்கள்.

காரைக்காலின் நிலை

காரைக்கால் ஒரு தனிப் பிறவி. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் முதல் தேதி இந்திய நிர்வாகத்தில் வந்து சேர்ந்த ஊர். வடக்கே மயிலாடுதுறை மாவட்டம், மேற்கே திருவாரூர், தெற்கே நாகப்பட்டினம், கிழக்கே கடல். சுற்றிலும் தமிழ்நாடு; ஆட்சியோ 130 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள புதுச்சேரியிலிருந்து. 2011 ஜனக் கணக்குப்படி இரண்டு லட்சம் மக்கள். பெரிய வைத்தியம் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று பஸ் ஏறிப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போவது இவ்வூரார் வழக்கம், இல்லையேல் தஞ்சாவூர். 1964-ல் ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த ஜிப்மரின் வேர், பிரெஞ்சுக்காரர் 1823-ல் புதுச்சேரியில் தொடங்கிய வைத்தியப் பள்ளியில் இருக்கிறது. அந்த ஜிப்மரின் கிளையாகக் காரைக்காலிலேயே 2016-ல் 50 மாணவர்களுடன் ஒரு மருத்துவக் கல்லூரி ஆரம்பமாயிற்று. 2024 பிப்ரவரியில் பிரதமர் அதைத் திறந்துவைத்தார். தெற்கே நாகப்பட்டினத்துக்கும் 2022-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கட்டிடத்துக்கும் படித்த டாக்டர்களுக்கும் முன்போலப் பஞ்சமில்லை என்றே கூறலாம்.

வேண்டியது ஒழுங்கு. முதல் நாள் நீர் எடுக்கும்போதே எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே சமயத்தில் அனுப்புவது என்ற ஒழுங்கு. இன்றைக்குப் புரதம், அடுத்த வாரம் ஏ.டி.ஏ., அது புரியவில்லையானால் பிறகு செல் பரிசோதனை என்று படிப்படியாகப் போனால், ஒவ்வொரு படியிலும் பத்து நாள் கரைகிறது. செல் பரிசோதனைக்கு ஐம்பது மில்லியிலிருந்து எழுபத்தைந்து மில்லி வரை இருந்தால் நல்லது. ஒரு லிட்டரை எடுத்துப் பத்து மில்லியைக் குப்பியில் விட்டு மீதியைச் சாக்கடையில் கொட்டுவது நியாயமா? விகிதம் பார்க்க வேண்டுமானால் அன்றைக்கே கையிலிருந்து ஒரு குப்பி இரத்தமும் எடுத்தாக வேண்டும்.

காரைக்காலில் செய்ய இயலாத சோதனை ஒன்றிரண்டு இருந்தாலும் நோயாளியை அலைக்க அவசியமில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்தால் நெஞ்சு நீர் சில நாட்கள் தாங்கும். புதுச்சேரிக்கு நீர் போய் வரட்டும். மூச்சு வாங்கும் மனிதர் எதற்காக 130 கிலோமீட்டர் பஸ்ஸில் குலுங்க வேண்டும்? எல்லைக்கோடும் இதில் குறுக்கே நிற்கக்கூடாது. தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்தும் நாகூர்ப் பக்கத்திலிருந்தும் காரைக்கால் வருகிறவர்கள் இருக்கிறார்கள். காரைக்காலிலிருந்து தஞ்சாவூர் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஓரிடத்தில் எடுத்த எண்களைக் கையில் எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

க்ஷயமென்று மருந்து தொடங்கியவர்களை விட்டுவிடவும் கூடாது. சில வாரங்களில் காய்ச்சல் விட வேண்டும், பசி எடுக்க வேண்டும், இரண்டு மாதத்துக்குள் படத்தில் நீர் குறைந்திருக்க வேண்டும். அதற்கு மாறாக நீர் மறுபடி ஊறி வந்தால், மாத்திரையின் அளவை மாற்றுவதற்கு முன் முதலில் போட்ட கணக்கையே சந்தேகிக்க வேண்டும். இரண்டாம் முறை எடுக்கும் நீரைப் பாத்திரத்தில் பிடித்து வீணே கொட்டிவிடாமல், புதுக் குப்பியில் நிரப்பி மறுபடியும் செல் பரிசோதனைக்கு அனுப்புவது அவசியம். முதல் குப்பியில் அகப்படாத செல் இரண்டாவதில் அகப்படுவதுண்டு.